சுவரில் விழுந்த சிவப்பு

சாவி ஆணியில் தொங்கியது. வண்டி பூட்டிக் கிடந்தது. ஆனாலும் அதன் பின்னால் இருந்த சுவரில் பிரேக் விளக்கின் சிவப்பு விழுந்திருந்தது.

வண்டிகளுக்கு வயரிங் பார்க்கிற அந்த எலக்ட்ரீஷியன் தன் கொட்டகை வாசலிலேயே நின்று அதைப் பார்த்தார். பெண்டாட்டி செத்துப்போன பிறகு எதுவும் அவருக்கு உறைப்பதில்லை; சோறும் சரி, பயமும் சரி. மகள் வாங்கிய பழைய கார் அது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இனி தினமும் இதில்தான் அவள் வேலைக்குப் போக வேண்டும். சரிபார்க்காமல் கொடுக்க அவருக்கு மனமில்லை. வித்தவன் மூஞ்சியே சரியில்லை.

இந்த மாதிரி வண்டியில் பிரேக்கை மிதித்தால்தான் ஸ்டார்ட் பட்டன் வேலை செய்யும். மிதித்தால்தான் கியரும் அசையும். மிதித்ததை வண்டிக்குச் சொல்கிற சுவிட்ச் பெடலுக்கு மேலே ஒளிந்திருக்கும். மிதித்தால் பின்னால் சிவப்பை எரிய வைப்பதும், காலை எடுத்தால் அணைப்பதும் அதுதான். பகலையே இருட்டாக்கிவிட்ட மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருக்க, ஈர ரப்பரும் பழைய கிரீஸும் கலந்த வாடையில், டார்ச்சைப் பல்லில் கவ்வியபடி, அவர் ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து மல்லாந்தார். ஃபியூஸ் சரி. சுவிட்சுக்கு வருகிற வயரில் கரண்ட் இருந்தது. பெடலைத் தொடாமலே, அதிலிருந்து விளக்குக்குப் போகிற வயரிலும் இருந்தது. சுவிட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான்.

எழுந்திருக்கப் பெடலில் கையை ஊன்றினார். ரப்பர் சூடாக இருந்தது. இப்போதுதான் ஒருவன் கழற்றிப் போட்ட செருப்பைப் போல.

"என்னப்பா, கண்டுபிடிச்சீங்களா?" குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மகள் எட்டிப் பார்த்தாள்.

"சுவிட்ச் செத்துப்போச்சு. பொத்திப் பொத்தி வச்ச வண்டின்னு சொன்னானே, அவன் வாயில வைக்கணும் இதை."

"உங்களுக்கு ஊர்ல ஒருத்தனும் யோக்கியன் கிடையாது. என்னையாவது நம்புறீங்களா?"

"உன்னை நம்புவேன். நீ போடுற காபியைத்தான் நம்ப மாட்டேன்."

அவள் சிரித்தாள். கொட்டகை ஒழுகியதால் குழந்தையோடு டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் ஏற்கெனவே சுவிட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்தார். சிவப்பு போய்விட்டது. புதுசு வாங்கி மாட்டும் வரை வண்டி ஒரு அடி நகராது. அந்த மட்டில் நிம்மதி. வண்டிக்குப் பின்னால் விட்டிருந்த டூல்ஸ் பையை எடுக்க, வண்டிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் புகுந்தார்.

சுவர் சிவந்தது.

"எதுக்கும்மா மிதிக்கிற?"

"நான் மிதிக்கலையே."

மிதித்தாலும் எரியக் கூடாது. சுவிட்ச் சட்டைப் பையில் கிடக்கிறது. எங்கேயோ வயர் உரசுகிறது என்று சொல்லிக்கொண்டார். உரசினால் விளக்கு துடிக்கும். இது துடிக்கவில்லை. நிதானமாக எரிந்தது.

"அப்பா." குரல் சிறுத்து வந்தது. "பெடல் தானா கீழ போகுது. என் காலோட சேர்த்து."

"காலை எடு. பிள்ளையைத் தூக்கிட்டு இறங்கு."

"எடுக்க முடியலப்பா. என் கால் மேல யாரோ கால் வச்சிருக்காங்க."

பின்கண்ணாடி வழியே பார்த்தார். மகளின் இரண்டு கைகளும் குழந்தையைச் சுற்றி இருந்தன.

இன்ஜின் உறுமியது.

நகர வேண்டும் என்று தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை. மரத்துக் கிடந்தது, இத்தனை நாளும் மனசு கிடந்ததைப் போல.

கியர் விழும் சத்தம்.

சிவப்புக்குப் பக்கத்தில் வெள்ளை. பின்னால் வருவதற்கான வெள்ளை. அவர் சட்டையில் விழுந்தது. முதுகில் சுவர்.

"அப்பா, தள்ளிப் போங்க! அப்பா!"

அவள் கைகள் இன்னும் குழந்தையின் மேல்தான்.

சிவப்பு மெதுவாக அணைந்தது.