காவலன் கேட்ட சொல்

டிசம்பரில் லண்டனுக்கு மூன்றரை மணியென்றாலே இருட்டத் தொடங்கிவிடும். பிளேஸ்டோவில் ரயிலேறி ஆல்ட்கேட் ஈஸ்டில் இறங்கிய வாமதேவன், தமிழ்ச் சங்கம் புதிதாக வாடகைக்கு எடுத்திருந்த பழைய கட்டடத்துக்கு நடந்து வந்து சேர்ந்தான். ஐந்து மணிக்குப் பொதுக்கூட்டம். அதற்கு முன் தலைவர் தியாகராஜாவிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பையில் இருந்தது அவருடைய ராஜினாமாக் கடிதம். அப்படியொரு கடிதம் இருப்பதே தலைவருக்குத் தெரியாது.

பத்தொன்பது வருடமாக வாமதேவன்தான் அவருடைய நிழல். தலைவரைப் பார்க்க வருகிறவர் முதலில் இவனைப் பார்க்க வேண்டும். யார் எதைக் கேட்டாலும் அவர் வாயைத் திறப்பதற்குள் இவன் பதில் சொல்லி முடித்திருப்பான். இவனோடு இன்னும் மூன்று பேர். இந்த நால்வர் கூட்டணிக்குப் 'பிரிட்டோரியன்கள்' என்று பெயர் வைத்தவள், சங்கச் செயலாளரும் சரித்திர ஆசிரியையுமான அஞ்சலீனா.

"ரோமச் சக்கரவர்த்தியின்ரை மெய்க்காவலர்," என்று அவள் ஒருமுறை விளக்கியிருந்தாள். "பின்னேரத்திலை காவல் அதிகாரி வந்து அண்டைக்குரிய ரகசியச் சொல்லைக் கேப்பான். அதைக் குடுக்கிற உரிமை சக்கரவர்த்திக்குத்தான். பிடிக்காட்டி அந்தக் காவலரே சக்கரவர்த்தியை வெட்டிப்போட்டு வேறை ஆளை இருத்துவினம். இப்பவும் தலைவர்மாரைச் சுத்தி நிண்டு ஆட்டிவைக்கிற ஆக்களுக்கு அந்தப் பேர்தான்."

வாமதேவனுக்கு மெய்க்காவலர் என்ற சொல் மட்டும் பிடித்திருந்தது. மிச்சத்தை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அலுவலக அறை கீழ்த்தளத்தில். அதன் ஒரு பக்கம் முழுக்க, கண்ணாடிக்குப் பின்னால், ரோமர் கட்டிய நகர மதிலின் துண்டொன்று கறுத்துப்போய் நின்றது. படியிறங்கும்போதே நனைந்த கம்பளியும் துருவும் கலந்த நாற்றம் மூக்கில் அடித்தது. தலைவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் இருந்தார். எழுபத்தெட்டு வயது.

"என்ன அண்ணை, தனிய இருக்கிறியள்?"

"அவன் வாற நேரம், தம்பி."

"ஆர்?"

"நாங்கள் இஞ்ச வந்த நாள்தொட்டு நாலு மணிக்கு ஒருத்தன் வாறான். முன்னால நிண்டு ஏதோ கேப்பான். பாஷை விளங்காது. நான் பேசாமல் இருப்பன். கொஞ்ச நேரம் பாத்திட்டுப் போயிடுவான்." அவர் மெல்லச் சிரித்தார். "உன்னோடை இருந்து பழகி, எனக்குப் பதில் சொல்லுற பழக்கமே விட்டுப்போச்சு."

வயது போய்விட்டது, புத்தி தடுமாறுகிறது என்று வாமதேவன் நினைத்தான். வேலை சுலபமாக முடியும் என்றும் நினைத்தான். அப்படி நினைத்ததற்காகக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் கடிதத்தை எடுத்து மேசையில் விரித்தான்.

"கவுன்சில் கடிதம் அண்ணை. ஒரு கையெழுத்து."

படியில் சத்தம் கேட்டது.

ஆணி அடித்த செருப்பு. கல்லில் ஒவ்வோர் அடியாக.

விளக்கு அணைந்தது.

மேலே தெருவிளக்கின் மங்கல் வெளிச்சம் படிவழியே கொஞ்சம் இறங்கியது. அந்த வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஓர் உருவம் உள்ளே வந்து மேசைக்கு முன் நின்றது. தலைக்கவசம். இடுப்பில் வாள். போர்வையிலிருந்து தண்ணீர் சொட்டியது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு மட்டும்தான்.

அது கேட்டது.

வாமதேவன் கேட்டறியாத பாஷை. ஆனால் அஞ்சலீனா சொன்ன அந்த ரகசியச் சொல்லைத்தான் கேட்கிறது என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது.

தலைவர் வாயைத் திறக்கவில்லை.

அந்த மௌனத்தை வாமதேவனால் தாங்க முடியவில்லை. பயந்திருந்தாலும் பத்தொன்பது வருடப் பழக்கம் விடுமா? தலைவரைக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது அவனல்லவா. புதிய தலைவராகப் பேசுவதற்கு ரயிலில் ஒத்திகை பார்த்த மேடைப்பேச்சின் முதல் சொல் தானாக வெளியே வந்தது.

"விசுவாசம்."

தலைக்கவசம் தியாகராஜாவிடமிருந்து மெல்லத் திரும்பியது. அவன் பக்கம்.

பிறகு, தாழப் பணிந்தது.

விளக்கு எரிந்தபோது அறையில் அவர்கள் இருவரும்தான் இருந்தார்கள். தியாகராஜா நீளமாக ஒரு மூச்சு விட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். வாமதேவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"இதுக்குத்தானே வந்தனி?" கோபமில்லாமல்தான் கேட்டார்.

"வேண்டாம் அண்ணை. கிழிச்சுப்போடுங்கோ. நீங்களே தலைவரா இருங்கோ." அவன் மனதாரத்தான் சொன்னான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"இனி ஏலாது, தம்பி. சொல்லைக் குடுத்தது நீ."

கையெழுத்து வைத்துவிட்டு எழுந்தார். வாசலுக்குப் போனவர் அங்கேயே நின்று, வெறும் படிக்கட்டை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"என்னட்டை ஒருத்தன்தான் வந்தவன்," என்று மெல்லச் சொன்னார். "உனக்குப் படி நிறைஞ்சு நிக்கினம்."

பிறகு கோட்டை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு படியாக ஏறினார். "கொஞ்சம் விலத்துங்கோ... கொஞ்சம் விலத்துங்கோ..." என்ற அவர் குரல் மேலே போய்த் தேய்ந்தது.

மேலே கதவு சாத்தப்பட்டது.

வாமதேவன் படிக்கட்டைப் பார்த்தான். யாருமில்லை. ஒவ்வொரு படியிலும் ஈரமான அடித்தடங்கள் நெருக்கமாகப் பதிந்திருந்தன. எல்லாத் தடங்களின் முனையும் அவன் பக்கமே பார்த்தன.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முதல் வரிசைத் தடங்கள் ஒரு படி கீழே இறங்கின.