இரைச்சல் போடும் இதயம்

நான்காவது மாடியில் பெரியவர் குப்புறக் கிடந்தார்.

பின்மண்டையில் முட்டை அளவு வீக்கம். மூச்சு இருந்தது... பேச்சு இல்லை. திறந்து கிடந்த பீரோவில் வைர மாலையைக் காணோம்.

அவர் மனைவி மொட்டைமாடியில் துணி காயப்போட்டுத் திரும்புவதற்குள், ஐந்தே நிமிடத்தில் எல்லாம் முடிந்திருந்தது. லிஃப்டோ காலையிலிருந்து ரிப்பேர். அப்படியானால் யாரோ நான்கு மாடி ஓடி ஏறி, அடித்து, எடுத்து, ஓடி இறங்கியிருக்க வேண்டும்!

யார்?

அவர்களைத் தவிர கட்டடத்தில் அப்போது இருந்தது இரண்டே பேர். ஒருவன், கீழ்வீட்டில் குடியிருக்கும் பெரியவரின் அக்கா மகன். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. மூன்று படி ஏறினால் உட்கார்ந்துவிடுவான்.

மிச்சம், லிஃப்ட் மெக்கானிக். அவன் கையில் விலங்கு ஏறியது.

"எனக்கும் முழங்கால் வலி சார். அதை மட்டும் நம்ப மாட்டேங்கறீங்க."

"ஓட்டைக்கு சர்ட்டிபிகேட் இருக்குய்யா. உன் முழங்காலுக்கு இருக்கா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஓட்டை அக்கா மகனின் நெஞ்சில் மட்டுமில்லை, மனசிலும்தான்; எத்தனை பாசத்தை ஊற்றினாலும் ஒழுகிவிடும் என்று பெரியவரின் மனைவி புலம்பினாள்.

பெரியவர் பிழைத்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுக் கீழே வந்த பெண் டாக்டரிடம், அக்கா மகன் தானாகவே சட்டையைத் திறந்து காட்டினான்.

"நல்லா கேளுங்க டாக்டர். வருஷத்துக்கு வருஷம் சத்தம் கூடுது."

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். புருவம் உயர்ந்தது.

"அவ்வளவு மோசமா?" இன்ஸ்பெக்டர் பதறினார்.

"அவ்வளவு நல்லா இருக்கு. இவர் மலையே ஏறலாம்."

அடுத்த நொடி... அக்கா மகன் பாய்ந்தான்!

வாசலில் போலீஸ். அதனால் மாடிப்படியில் ஏறினான். இன்ஸ்பெக்டர் இரண்டாவது மாடியிலேயே உட்கார்ந்துவிட்டார். கான்ஸ்டபிள்கள் மொட்டைமாடியில் அவனை மடக்கியபோது, இடுப்பிலிருந்து வைர மாலை நழுவி விழுந்தது.

மெக்கானிக்கின் விலங்கு கழன்றது.

"எப்படி... டாக்டர்?" இன்ஸ்பெக்டருக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

டாக்டர் பக்கத்துப் படியில் ஆற அமர உட்கார்ந்தார்.

"செடிக்குத் தண்ணி விடுற ஹோஸ் இருக்கில்ல? சும்மா விட்டா சத்தமில்லாம கொட்டும். வாயை விரலால அடைச்சு ஊசி அளவு இடம் விட்டா, சீறும். ரத்தமும் அப்படித்தான். ரெண்டு வயசுல எழுதின சர்ட்டிபிகேட் அது. அப்புறம் ஓட்டை சுருங்கிட்டே வந்திருக்கு, சத்தம் கூடிட்டே வந்திருக்கு. வீட்டுல அதைத் தலைகீழா புரிஞ்சுக்கிட்டாங்க. இவருக்கு இருக்கிற மாதிரி ஓட்டைல, சத்தம் பெருசுன்னா ஓட்டை சின்னது. அவ்வளவுதான் விஷயம். சரி, சட்டையைத் திறங்க சார்... சத்தமே போடாத உங்க நெஞ்சுதான் இப்ப எனக்குக் கவலையா இருக்கு."