உப்புக்கு வந்தவை

அந்த மைல்கல்லில் எழுத்து இல்லை.

மறையூரைத் தாண்டியதிலிருந்து கமலாத்தாள் மைல்கற்களைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். உடுமலைப்பேட்டைக்கு இன்னும் எவ்வளவு என்று ஒவ்வொன்றிலும் கறுப்பாக எழுதியிருந்தது. எண் குறையக் குறைய அவள் மனசு சொந்த ஊர் பெருமாட்டிக்கு ஓடிப்போய், மாட்டுச்சாளையைக் கூட்டி, அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் திரும்பி வந்தது. இந்தக் கல்லில் மட்டும் ஒன்றுமில்லை. பெயிண்ட் உதிர்ந்த கல்லாகவும் தெரியவில்லை. செதுக்கிய குழி இல்லை, மூலை இல்லை, ஆற்றில் கிடந்து உருண்ட கல்லாட்டம் வழுவழுவென்று ஈரமாக நின்றது. மழை விட்டு வெகுநேரமாகியிருந்தது, ரோடுகூடக் காய்ந்திருந்தது.

டாக்ஸி டிரைவர் செல்லத்துரை அந்தக் கல்லை ஒட்டித்தான் காரை நிறுத்தினான்.

"ஏனுங்க, இங்க எதுக்கு நிறுத்தறாங்க?" என்றாள் கமலாத்தாள். "பொழுதோட ஊடு போய்ச் சேரலாமுங்களே."

"அட, வந்ததுக்கு ஒரு மானையாவது பாத்துட்டுப் போலாம் அம்மிணி. தேக்கடியில என்னத்தக் கண்டோம்?"

அவள் புருஷன் காளிச்சாமிக்கு அந்தக் கடுப்பு இன்னும் தீரவில்லை. தேக்கடிப் படகில் பாதி நாள் உட்கார்ந்து, தண்ணீரில் நின்ற பட்ட மரங்களையெல்லாம் ஆனை ஆனை என்று ஆள் மாற்றி ஆள் கத்தியதுதான் மிச்சம். நாற்பது காளைகளை வளர்த்த மனுஷன், ஒரு கொம்பைக்கூடப் பார்க்காமல் திரும்புவதை மானக்கேடாக எடுத்துக்கொண்டார். குமுளியில் டாக்ஸி பேசும்போது செல்லத்துரை அதைப் பிடித்துக்கொண்டான். கம்பம் இறங்கிப் போகிற வழியை விட்டுவிட்டு, மூணாறு ஏறி, மறையூர்க் காட்டு வழியாக உடுமலைக்கு இறங்கினால் ஊருக்குப் போனதும் ஆச்சு, மிருகம் பார்த்ததும் ஆச்சு என்றான். மற்ற டிரைவர்கள் எல்லாம் இருந்தால் தெரியும் என்பார்கள். இவன் நான் காட்டுகிறேன் என்றே சொன்னான்.

எப்படிக் காட்டுவான் என்பதை மூணாறு தாண்டித்தான் சொன்னான். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்த முப்பது வயசுக்காரன், தன் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சின்னாற்றுக்கு இறங்குகிற ஒரு வளைவில் ரோட்டோரமாக ஒரு பாறை இருக்கிறது. ஒவ்வொரு தடவை போகும்போதும் அதன் மேல் கல்லுப்பு வைத்துவிட்டுப் போவான். சாயங்காலமானால் மிளா மானோ காட்டுமாடோ நக்க வந்துவிடும். ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும்போது அங்கே நிறுத்தினால் போதும்.

"இந்த ஐப்பசி மழையில ரோடு சரிஞ்சு போச்சு அண்ணாச்சி. ஒரு மாசமா வண்டியே போகல. நேத்துதான் மண்ணை அள்ளி வழி விட்டாங்க. நாமதான் மொதல்ல போறோம். உப்பில்லாம ஏங்கிப்போய் நிக்கும் பாருங்க, ஓடி வரும்."

காளிச்சாமி தொடையில் தட்டிச் சிரித்தார். உப்பு விவகாரம் அவருக்குத் தெரியாததா? தினமும் பொழுது சாயும்போது உள்ளங்கையில் உப்பை வைத்துக்கொண்டு சாளைக்குள் போய், ஒவ்வொரு காளைக்கும் நீட்டிக்கொண்டு நிற்கிறவர். கட்டினவளை அம்மிணி என்பார், காளையைக் கண்ணு என்பார். அதில் கமலாத்தாளுக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. ஆனால் அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்கிறதற்காகவே சாளை வாசலில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வாள். அவ்வளவு பிடிக்கும் அவளுக்கு அந்த முகத்தை.

செல்லத்துரை இறங்கி முன் சக்கரத்துக்கு ஒரு கல்லை அடை வைத்தான். இறக்கமான ரோடு, ஹேண்ட் பிரேக்கை நம்ப முடியாது. பிறகு டிக்கியிலிருந்து உப்பு மூட்டையை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போனான். போனவன் உடனே உப்பைக் கொட்டவில்லை. பாறையைக் குனிந்து பார்த்தபடி நின்றான்.

"என்ன தம்பி?" என்று காளிச்சாமி ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. பாறை மேடாத்தான் இருந்துச்சு." அவன் கையால் தடவிப் பார்த்தான். "இப்பக் குழியா இருக்கு."

கமலாத்தாள் எட்டிப் பார்த்தாள். ஒரு பிள்ளையைப் படுக்க வைக்கிற அளவுக்குக் குழி, உள்ளே பளபளவென்று ஈரம். அதைவிட அவளை உறுத்தியது தரை. ஆடு மாடு வந்து போகிற இடம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சாணி கிடக்கும், குளம்பு பட்டு மண் சேறாகிக் கிடக்கும். இங்கே ஒரு புழுக்கைகூட இல்லை. பாறையைச் சுற்றிப் புல் மடங்காமல் நின்றது.

"ஏனுங்க, போலாமுங்க," என்றாள்.

செல்லத்துரை உப்பைக் கொட்டிவிட்டு வேகமாக வந்து ஏறினான். காளிச்சாமி மிச்ச உப்பிருந்த மூட்டையை வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டார். விளக்கை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, பேசாமல் உட்கார்ந்தார்கள். மலையிலிருந்து மேகம் இறங்கி வந்தது. முதலில் எதிர்ச்சரிவு மறைந்தது, பிறகு மரங்கள், கடைசியில் பாறையும் மறைந்து ஒரு சாம்பல் நிற நிழலாக மட்டும் நின்றது. தைலப்புல்லின் வாசமும் நனைந்த மண்ணின் வாசமும், மதியம் சாப்பிட்ட புளிச்சோற்றுப் பொட்டலத்தின் வாசமும் காருக்குள் கலந்து கிடந்தன. சூடு ஆறிக்கொண்டிருந்த எஞ்சின் டிக் டிக்கென்று சத்தமிட்டது, எங்கோ பள்ளத்தில் தண்ணீர் கல்லில் விழுந்துகொண்டே இருந்தது. அந்தச் சத்தங்களுக்கு நடுவே எப்போது அது ஆரம்பித்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. கவனித்தபோது அது ஏற்கனவே நடந்துகொண்டிருந்தது.

ஏதோ பாறையை நக்கிக்கொண்டிருந்தது.

மாடு தொட்டியை நக்குகிற சத்தம்தான். ஆனால் நீளமாக இருந்தது. ஒரு நக்கு தொடங்கி முடிவதற்குள் அவள் மூச்சை விட்டு இழுத்துவிடலாம். நிழலில் கொம்பும் தெரியவில்லை, காலும் தெரியவில்லை. நடந்து வந்த சத்தமும் கேட்டிருக்கவில்லை.

"மிளாவா?" என்று காளிச்சாமி கிசுகிசுத்தார்.

செல்லத்துரை பாறைப் பக்கமிருந்து பார்வையை எடுக்கவில்லை. அவன் கழுத்து வேர்த்திருந்தது.

அப்போதுதான் காளிச்சாமி அதைச் செய்தார். காலடி மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி உப்பை அள்ளி, ஜன்னலுக்கு வெளியே முழங்கை வரை நீட்டி, நாக்கை மேலண்ணத்தில் தட்டி டொக் டொக்கென்று கொட்டினார். தினமும் சாளையில் கொட்டுகிற அதே கொட்டு.

"வா கண்ணு. வா, வா."

"கூப்பிடாதீங்க அண்ணாச்சி!" செல்லத்துரை திரும்பினான். "அதுவா வரும், அதுவா போயிரும். இதுவரைக்கும் யாரும் கூப்பிட்டதில்ல."

நக்குகிற சத்தம் நின்றது. தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மிக அருகில், காளிச்சாமியின் பக்கம், உப்புக் கல் நெரிபட்டது.

"அடடா, வந்துருச்சு," என்றார் அவர். முகமெல்லாம் சிரிப்பு. "நாக்கு எத்தன அகலம்! நம்ம செவலைக் காளைகூட இப்படி நக்காது அம்மிணி. சூடா இருக்குது."

கமலாத்தாளுக்கு அவர் தோளுக்கு அப்பால் மேகம் மட்டும்தான் தெரிந்தது.

"போதுமுங்க. கையை எடுங்க."

"இரு. மணிக்கட்டு வலியெல்லாம் போகுது பாரு."

"உப்புத் தீந்துருக்குமுங்க. எடுங்க மாமா."

உப்பு எப்போதோ தீர்ந்திருந்தது. நக்குகிற சத்தம் நிற்கவில்லை. அவள் அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். கை உள்ளே வந்தது. அந்த மங்கல் வெளிச்சமே போதுமாக இருந்தது.

ரத்தம் இல்லை. காயம் இல்லை. உள்ளங்கையில் ரேகை இல்லை. மண்வெட்டி பிடித்துக் காய்த்த காய்ப்பு இல்லை. நகம் இல்லை. விரல்களுக்கு நடுவே இடைவெளி இல்லை. வழுவழுவென்று, ஈரமாக, மணிக்கட்டிலிருந்து ஒரே துண்டாகச் சதை.

காளிச்சாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். சின்னப் பையன் சிரிக்கிற சிரிப்பு.

"வலிக்கவே இல்ல அம்மிணி," என்றார். அவள் பிடியை உதறிவிட்டுக் கையை மறுபடி வெளியே விட்டார். இந்தத் தடவை தலையையும்.

"தம்பி! வண்டிய எடு!"

செல்லத்துரை செல்ஃபை இழுத்தான். கிர்ரென்று இழுத்து அடங்கியது. மறுபடி இழுத்தான். பிரேக்கை விட்டான். இறக்கம்தான், உருண்டிருக்க வேண்டும். உருளவில்லை.

"கல்லு," என்றான். அழுகிற குரல். "அடைக்கல்லை எடுக்கணும்."

"எடு தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

அவன் கதவுப் பிடியில் கை வைத்தான். வெளியே, அதே பிடியில், சரக்கென்று ஒரு நக்கு. கையை எடுத்துவிட்டான். இப்போது சத்தம் ஒரு பக்கமிருந்து மட்டும் வரவில்லை. அவன் கை பட்ட டிக்கி மூடியில். மதியம் அவள் சாய்ந்து நின்ற பின்கதவில். கண்ணாடி விளிம்புகளில். எங்கெல்லாம் மனுஷக் கை பட்டு வேர்வை ஒட்டியிருந்ததோ அங்கெல்லாம். அவசரமில்லாமல். ஒரு மாசப் பசியோடு.

கமலாத்தாள் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினாள். செல்லத்துரை முன்பக்கம் இரண்டையும் ஏற்றினான். காளிச்சாமியின் ஜன்னல்தான் பாக்கி. அதில் அவர் இருந்தார். பாதி உடம்பு வெளியே.

அவள் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். அசையவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவர் ஒருதரம்கூட அவள் இழுப்புக்கு வராமல் இருந்ததில்லை. அவள் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டாள்.

"நல்லாருக்குது அம்மிணி," என்று வெளியிலிருந்து அவர் குரல். "பயப்படாத."

நக்கு.

"நல்லா... ம்மிணி."

நக்கு.

"ம்ம்."

நக்கு.

பிறகு அந்த "ம்ம்" கூட இல்லை.

தானாகவே உள்ளே வந்தார். ஒரு வேலையை முடித்துக்கொண்டு வந்தவராகச் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். கமலாத்தாள் பார்த்தாள். பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை. மீசை இல்லை. புருவம் இல்லை. மூக்கு இருந்த இடத்தில் ஒரு சின்ன மேடு. வாய் இருந்த இடத்தில் அதுவும் இல்லை. கண்கள் இருந்த இடத்தில், தோலுக்கு அடியில், இரண்டு உருண்டைகள் மெதுவாக நகர்ந்தன. அவளைத் தேடின. நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

சாளை வாசலில் நின்று அவள் பார்த்த முகம். இனி இல்லை.

"அக்கா," என்றான் செல்லத்துரை. அவன் திரும்பவில்லை, கைகள் இரண்டையும் அக்குளுக்குள் ஒளித்து வைத்திருந்தான். "அக்கா, அழுதுராதீங்க. கண்ணுல தண்ணி விட்டுராதீங்க. அதுவும் உப்புத்தான்."

அவள் பல்லைக் கடித்தாள். வேறு எதையாவது நினைக்க வேண்டும். கிணற்று மோட்டாரை நினைத்தாள். அவர்தான் கயிறு கட்டி இறங்கிச் சரி செய்வார். நாத்தனாரின் வாயை நினைத்தாள். அவர்தான் குறுக்கே பேசி அடக்குவார். தென்னந்தோப்பு, தவிட்டுத் தொட்டி, சந்தை நாள், எதைத் தொட்டாலும் அதில் அவர் நின்றார். மீசையோடு. சிரிப்போடு.

இடது கண்ணில் நிறைந்தது. இமைக்காமல் பிடித்துப் பார்த்தாள். நிற்கவில்லை. கன்னத்தில் இறங்கியது.

காரைச் சுற்றி எல்லாச் சத்தமும் நின்றது.

திறந்திருந்த அந்த ஜன்னலில் மேகம் அசைந்தது. அவர் மார்புக்குக் குறுக்கே ஏதோ நீண்டு வந்தது. அகலமாக. ஆவி பறக்க. அவள் தலையைப் பின்னால் இழுத்தாள். இழுக்க இடம் இல்லை. கதவு முதுகில் முட்டியது.

வெதுவெதுப்பு. தாடையிலிருந்து நெற்றி வரை, ஒரே இழுப்பு.

வலிக்கவில்லை. அதுதான் அவளை நடுங்க வைத்தது. ஆறுதலாக இருந்தது. மறுபடி. இடது காதில் தண்ணீர் விழும் சத்தம் நின்றுபோனது. மறுபடி. இடது பக்கம் இருட்டியது.

வலது கண்ணால் பார்த்தாள். காளிச்சாமி அந்த வழுவழுத்த முகத்தை அவள் பக்கம் சாய்த்து, விரலில்லாத கையால் அவள் முழங்காலை மெதுவாகத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கண்ணிலும் நீர் முட்டியது.