லைன்லயே இருங்க

அண்ணி வந்த மூன்றாம் நாள்தான் வாயாடி அதைக் கவனித்தாள். மதியம் சரியாக மூன்று மணிக்கு அண்ணி கூடத்து ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, போனைக் காதில் வைத்துக்கொள்கிறாள். பேசுவதில்லை. தலையாட்டுவதில்லை. ஒரு 'ம்' கூடக் கொட்டுவதில்லை. மூன்றே முக்காலுக்கு எழுந்து, போனைப் பைக்குள் போட்டுவிட்டு முகம் கழுவப் போய்விடுகிறாள். முதல் நாள், அந்தப் பக்கம் யாரோ விடாமல் அறுக்கிறார்கள், பாவம் அண்ணி மாட்டிக்கொண்டாள் என்று வாயாடி தனக்குள் சிரித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் டீயைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைக்கும்போது பார்த்தால், போனின் திரை கருகருவென்று செத்துக் கிடந்தது. வந்ததிலிருந்து அண்ணி அதைச் சார்ஜில் போட்டு அவள் பார்க்கவேயில்லை.

வாயாடி என்பது அண்ணன் வைத்த பெயர். அண்ணன் போய் நான்கு வருடமாகிறது. அம்மா இல்லாத வீட்டில் அவளுக்குத் தலை பின்னிவிட்டு, காய்ச்சலுக்குக் கண்விழித்து, கல்யாணம் வரை கொண்டுவந்து கரைசேர்த்தவள் அண்ணிதான். பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள இன்று அவளுக்கு மிச்சமிருப்பதும் அந்த ஒரு மனுஷிதான். வீட்டில் தரையைப் பெயர்த்துப் போட்டிருக்கிறார்கள், ஒரு வாரம் உன்னோடு தங்கிக்கொள்கிறேன் என்று வந்திருந்தாள்.

செத்த போனைக் காதில் வைப்பதெல்லாம் இந்தக் காலத்தில் ஒரு பெரிய விஷயமா என்று கேட்டால், இல்லைதான். அந்த நோய் வந்து போன பிறகு ஆளுக்கொன்று ஒட்டிக்கொண்டுவிட்டது. மேல்வீட்டுப் பேராசிரியர் இன்றைக்கும் லிஃப்ட் பொத்தானை முழங்கையால்தான் அழுத்துவார். எதிர்வீட்டுத் தையல்காரி அளவெடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு, வாசலுக்குப் போய்த்தான் விடுவாள். பேருந்தில் ஒருவர் தும்மினால் போதும், நாற்பது தலைகள் ஒன்றாக ஜன்னல் பக்கம் திரும்பும். ஊரே ஒரு மாதிரி ஆகிப்போனது, இதில் யார் யாரைச் சொல்வது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதுமில்லை.

வாயாடிக்கும் ஒன்று இருந்தது. அவள் 'இரு' என்று சொல்லமாட்டாள். 'இரு வரேன்', 'இருங்க பார்க்கிறேன்' என்று ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு நூறு முறை விழுகிற சொல் அது. அவள் மட்டும் 'நில்லு', 'ஒரு நிமிஷம்' என்று ஒப்பேற்றுவாள். பள்ளிக்கூடம் போகிற மகள், அம்மாவுக்கு ஒரு விசிலும் தொப்பியும் வாங்கிக் கொடுத்தால் சாலையில் நிறுத்திவிடலாம் என்று கேலி பேசுவாள்.

நோய் உச்சத்தில் இருந்த அந்த ஆறு மாதம் அவள் அவசர உதவி மையத்தில் அழைப்பு எடுத்தாள். ஆம்புலன்ஸ் வண்டி இருந்தது பத்தோ பன்னிரண்டோ. அழைப்புக்குக் கணக்கே இல்லை. மேற்பார்வையாளர் கெட்டவரில்லை. வண்டி இல்லையென்று சொன்னால் பயத்திலேயே போய்விடுவார்கள், கிளம்பிவிட்டது என்று சொல்லுங்கள், லைனிலேயே இருக்கச் சொல்லுங்கள் என்று பாடம் பண்ணிக் கொடுத்தார். அப்படிச் சொல்லி, ஒரு பொத்தானை அழுத்திக் காத்திருப்பில் போட்டால், அந்தப் பக்கம் ஒரு மெல்லிய இசை ஓடும். இந்தப் பக்கம் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். உடனே அடுத்த அழைப்பு. ஷிஃப்ட் முடியும்போது எரிந்துகொண்டிருக்கிற விளக்குகளை அடுத்து வருகிறவள் மொத்தமாக அணைப்பாள்.

அதற்கென்று ஒரு குரல் வைத்திருந்தாள் வாயாடி. சொந்தக் குரலைவிட ஒரு படி மேலே, இழுத்து, வெண்ணெய் தடவினாற்போல. வீட்டில் யாருக்கும் அந்தக் குரல் தெரியாது.

ஒரு மதியம் மூன்று மணிக்கு ஒரு பெண், அடையாளம் தெரியாதபடி உடைந்த குரலில், தன் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்குகிறது என்றாள். முகவரி சொன்னாள். பாதி தட்டச்சு செய்த பிறகுதான் வாயாடிக்கு அது யாருடைய முகவரி என்று உறைத்தது. பின்னால், பதறாதே என்று அண்ணனின் குரல். அந்த நேரம் வண்டிக்காக அண்ணிக்கு முன்னால் அறுபது பேர் வரிசையில் இருந்தார்கள். 'அண்ணி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் உண்மையையும் சொல்லவேண்டும். வேறு எங்காவது தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்று சொல்லவேண்டும். வாய் பழகிய பாதையில் போய்விட்டது. வண்டி கிளம்பிவிட்டது மேடம், லைனிலேயே இருங்கள் என்றது. விரல் பொத்தானை அழுத்தியது.

அதன் பிறகு ஏழு அழைப்பு எடுத்தாள். அந்த விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஒரு முறைகூட அவள் அதற்குத் திரும்பப் போகவில்லை. மூன்றே முக்காலுக்கு, அந்தப் பக்கம் போனை வைத்ததும், அது தானாக அணைந்தது. ஒரு விளக்கு குறைந்தது என்று அந்த நொடியில் அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் உடம்பெல்லாம் கூசும், தன் தோலை உரித்துப் போட்டுவிட்டு ஓடலாம் போலிருக்கும். துக்கத்துக்குப் போனபோது, நான் அழைப்பு எடுக்கிற பிரிவில் இல்லை, முகவரி சரிபார்க்கிற பிரிவில் இருக்கிறேன் என்று அண்ணியின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து நான்கு வருடமாகிறது.

அந்த மூன்றாம் நாள், டீயை வைத்தவள் கேட்டாள்.

"யாரு அண்ணி லைன்ல?"

"யாருமில்லம்மா. இருக்கேன்."

"அப்படின்னா?"

"இருக்கச் சொன்னாளே அந்தப் பொண்ணு." அண்ணி போனை எடுக்காமல் சிரித்தாள். "நல்ல பொண்ணு. வண்டி கிளம்பிடுச்சுன்னு அவ சொன்னதும் உங்க அண்ணன் எழுந்து நல்ல சட்டையா மாத்திக்கிட்டார். வர்றவங்க முன்னாடி அழுக்குச் சட்டையோட உட்கார்ந்திருக்கறதாம்மா? அந்த நேரத்துல எங்களுக்குன்னு பேசினது அவ ஒருத்திதான். எங்க இருந்தாலும் அவ நல்லா இருக்கணும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். 'அந்தப் பொண்ணு நான்தான் அண்ணி' என்பது நாக்கு நுனி வரை வந்தது. வாயாடி சமையலறைக்குப் போய், கழுவி வைத்த டம்ளர்களையே மறுபடி எடுத்துக் கழுவினாள்.

நான்காம் நாள் மழை வருவதுபோல வானம் மூடிக்கொண்டது. அண்ணி மாடியில் காயப்போட்ட துணிகளை எடுக்கப் போனாள். மூன்று அடிக்கச் சில நிமிடம் இருந்தது. வீட்டில் மின்விசிறிச் சத்தம், குழாய் சொட்டும் சத்தம், கீழே யாரோ வண்டியை உதைக்கும் சத்தம், இவற்றுக்கு அடியில், மாவு சலிப்பதுபோல மெலிதாக இன்னொன்று. முதலில் பக்கத்து வீட்டு ரேடியோ என்று நினைத்தாள். ஜன்னலை மூடினாள். குறையவில்லை. கூடத்தின் நடுவில் வந்து நின்றதும் அது என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. காத்திருப்பில் போட்டால் அந்தப் பக்கம் ஓடுகிற இசை. ஆறு மாதம் அவளே அதை அடுத்தவர் காதில் ஊற்றியிருக்கிறாள்.

நாற்காலியில் அண்ணியின் போன் கிடந்தது. திரை இருண்டுதான் இருந்தது. கிட்டே போகப் போக அந்த மையத்தின் வாடை. கை கழுவும் மருந்தும், பலர் மாட்டிக் கழற்றிய ஹெட்போன் பஞ்சின் வேர்வையும் கலந்தது. அதைத் தொடாமல் போயிருக்கலாம். அண்ணி வருமுன் அணைத்துவிடவேண்டும் என்றுதான் எடுத்தாள். எதை அணைப்பது? எரிகிற ஒன்றையல்லவா அணைக்கமுடியும்.

காதில் வைத்தாள்.

இசை. இசைக்குப் பின்னால் மூச்சு. ஒருவருடையது இல்லை. இழுத்து இழுத்து, சளி கட்டிய மூச்சு. சின்னக் குழந்தையின் மூச்சு. வாயைத் திறந்து வாங்குகிற கிழட்டு மூச்சு. பத்து, இருபது, அதற்குமேல் எண்ண முடியவில்லை. எல்லாரும் பொறுமையாக. ஒருவர்கூடக் குறை சொல்லாமல்.

இசை நின்றது.

"மேடம்?"

அண்ணன். மிக அருகில்.

"லைன்லதான் இருக்கேன் மேடம். சட்டை மாத்திட்டேன். வண்டி கிளம்பிடுச்சா?"

அண்ணா என்று கூப்பிடு. இப்போதாவது. வரவில்லை, வண்டி கிளம்பவேயில்லை, மன்னித்துவிடு என்று சொல். வாயாடி வாயைத் திறந்தாள். நாக்கு உலர்ந்து மேலே ஒட்டியது. பிரிந்தது.

"கிளம்பிடுச்சு சார்," என்றது அந்தக் குரல். ஒரு படி மேலே. இழுத்து. "லைன்லயே இருங்க."

பின்னால் துணிகள் தரையில் விழுந்தன.

அண்ணி வாசற்படியில் நின்றாள். முகத்தில் கோபமில்லை. தேடிய பொருள் கிடைத்த முகம். கிட்டே வந்தாள். வாயாடியின் கைமேல் தன் கையை வைத்து, போனை இன்னும் அழுத்தமாக அவள் காதோடு பொருத்தினாள். கை சில்லென்றிருந்தது.

"நீயா?" என்றாள் பாசமாக. "அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்குமே. வண்டி எங்கம்மா வந்துட்டிருக்கு?"

காதுக்குள் அத்தனை பேரும், பதில் கேட்பதற்காக, மூச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

வாயாடி கையை இழுத்துப் பார்த்தாள்; பிடி தளரவில்லை. மின்விசிறி சுற்றியது. குழாய் சொட்டியது. அண்ணியும் பதிலுக்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணியின் உதடுகள் மெல்ல நீலம் பாய்ந்துகொண்டிருந்தன. மார்பு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.