வெள்ளிக்கிழமை ஒன்லைனில் தவமணி

கௌண்டரில் இருந்த கம்பியூட்டர் பாக்கியலெட்சுமியை வெளியே தள்ளிவிட்டது. இதே பெயரில் வேறோர் இடத்தில் ஆள் நுழைந்திருப்பதால் இங்கே தொடர முடியாது என்று இங்கிலிஷில் ஒரு சின்னப் பெட்டி திரையின் நடுவில் எழும்பி நின்றது. அவள் அதை இரண்டு தரம் படித்தாள். மழை நாளில் லைன் இப்படித்தான் சண்டித்தனம் பண்ணும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அக்கா தவமணியின் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்து மறுபடி சாட்டுக்குள் போனாள். அந்தப் பாஸ்வேர்ட் இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி பாக்கியலெட்சுமி. மற்றவள் தவமணி, அவள் செத்துப் பதினெட்டு நாளாகிறது.

குவைத்தில் வேலைக்கு நின்ற வீட்டின் மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியைக் கழுவ இறங்கியவள் ஏறி வரவில்லை. உடம்பு ஆஸ்பத்திரி ஐஸ் அறையில் இருக்கிறது, கடுதாசி வேலைகள் முடிந்தால்தான் பெட்டி வரும் என்று தகவல். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் இருக்கும் லயத்து வரிசை வீடுகளில் பெட்டி வராமல் யாரும் வாய்விட்டு அழுவதில்லை, விளக்கு வைப்பதில்லை. அரபு நாட்டுக்குப் பெண்களை அனுப்பத் தொடங்கிய பிறகு அந்தத் தோட்டம் தானாகப் பழகிக்கொண்ட வழக்கம் அது. அக்காவின் புருஷன் சின்னராசா கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பின்னால் பாக்கியலெட்சுமியைத் தனியாகக் கூப்பிட்டான். முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"பெட்டி வர்ற வரைக்கும் புள்ளைக்குத் தெரிய வேணாம் பாக்கியம். ஒனக்குத்தான் அந்த மெசின் தெரியுமே. அவ பேசுற மாதிரி நீயே ரெண்டு வார்த்த அடிச்சு விடு."

பாக்கியலெட்சுமிக்கு அது பெரிய வித்தையும் இல்லை. பண்டாரவளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருக்கும் ஹுமைத் முதலாளியின் கொமியூனிகேஷனில், அந்த இன்டர்நெட் கடையில், வேலைக்கு வந்து அவளுக்கு இது நாலாவது வருஷம். அக்கா விமானம் ஏறுமுன் மூன்று நாள் பக்கத்தில் உட்காரவைத்து, தமிழை இங்கிலிஷ் எழுத்தில் அடிக்கச் சொல்லிக்கொடுத்ததே இவள்தான். வெள்ளிக்கிழமை குவைத் வீட்டு மேடத்தின் மகன் தன் கம்பியூட்டரைக் கொஞ்ச நேரம் விட்டுக்கொடுப்பான். அங்கே கெமரா இல்லை, இங்கே இருக்கிறது. அக்கா மகளைப் பார்ப்பாள், மகள் அக்காவின் எழுத்தைப் பார்ப்பாள். இரண்டு வருஷமாக அந்தக் குடும்பம் அப்படித்தான் குடும்பம் நடத்தியது.

அக்காவின் ஒன்பது வயது மகள் நிவேதிகா இன்றைக்கும் பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்து, கடைசியில் இருக்கும் நாலாம் நம்பர் கம்பியூட்டரின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பலகைத் தடுப்புக்கு மேலே இரட்டைப் பின்னலின் ரிப்பன் மட்டும் தெரிந்தது. முதலாளி ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு ஜும்மாவுக்குப் போயிருந்தார், வீட்டில் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குத்தான் வருவார். பட்டப்பகல் என்று பேர். பனிமூட்டம் ரோட்டை விழுங்கிவிட்டு ஷட்டருக்குக் கீழால் கடைக்குள்ளும் ஊர்ந்து வந்தது. பஸ் கொண்டக்டர்மார் பதுளை, பதுளை என்று கத்துவது எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருந்தது.

கௌண்டர் கம்பியூட்டர் மறுபடி அவளை வெளியே தள்ளியது.

சுவரில் முதலாளி ஒட்டிவைத்த தாள் அவள் கண்ணில் பட்டது. ஈமெயிலில் வருகிற டிப்ஸை எல்லாம் பெரிய எழுத்தில் அச்செடுத்து ஒட்டுவதில் அவருக்கு ஒரு பெருமை. கம்பியூட்டர் இறுகிப்போனால் எந்த மூன்று பட்டனை அழுத்துவது, ஒன்லைனில் இருந்துகொண்டே இல்லாதமாதிரிக் காட்டுவது எப்படி. ஆறாவது: ஒரு எக்கவுண்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் இருக்க முடியாது, பின்னால் வந்தவர் உட்காருவார், முன்னால் இருந்தவர் எழும்ப வேண்டும்.

அவள் எழும்ப வேண்டியதாகிவிட்டது. அப்படியானால் உட்கார்ந்தது யார்?

தடுப்புக்கு அந்தப் பக்கம் நிவேதிகா அடித்துக்கொண்டே இருந்தாள். நாலு எழுத்து, ஒரு நிறுத்தம், ஒரு சிரிப்பு. மறுபடி நாலு எழுத்து. பதில் வாசிக்கிற பிள்ளையின் நிறுத்தம் அது. பாக்கியலெட்சுமியின் கைகளோ கீபோர்டைத் தொடவே இல்லை.

"யார்கூட பாப்பா பேசுற?"

"அம்மாகூட சித்தி."

"என்ன சொல்றா?"

"குளிருதாம். ரொம்பக் குளிருதாம்."

குவைத் வெயிலை அக்கா சபிக்காத வெள்ளிக்கிழமை கிடையாது. போன வெள்ளிக்கிழமை தான் பண்ணின காரியம் பாக்கியலெட்சுமிக்கு அப்போதுதான் முழுசாக நினைவில் ஏறியது. பிள்ளை மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னமோ பேசிக்கொள்கிறார்கள், நீ வரவே மாட்டியாம்மா என்று அடித்துவிட்டுக் கெமராவைப் பார்த்துத் தேம்பியது. அதைச் சகிக்கமாட்டாமல் இவள் அவசரமாக அடித்துவிட்டாள்: அடுத்த வெள்ளிக்கிழமை வருவேன், ஒன்னயும் கூட்டிக்கிட்டுப் போவேன், சத்தியமா. சடங்கு முடியாதவர்கள் பேரில் சத்தியம் பண்ணக்கூடாது, அவர்கள் அதைக் காப்பாற்ற வந்துவிடுவார்கள் என்று லயத்தில் சொல்வார்கள். கம்பியூட்டரில் அடித்தால் சத்தியமாகுமா என்று அன்றைக்கு அவள் நினைத்திருந்தாள்.

"இன்னைக்குத்தானே வர்றேன்னீங்கன்னு கேட்டேன் சித்தி," நிவேதிகாவின் குரல் குதூகலமாக இருந்தது. "மாடிப்படிக்கு வந்துட்டாங்களாம்."

படியில் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் இல்லை. ஈரத் துணியைத் தூக்கித் தூக்கி வைக்கிற மாதிரி, ஒரு படி, ஒரு நிறுத்தம், அடுத்த படி. நாள்பட்டுத் தேங்கிய தண்ணீரின் பாசி நாற்றம் பனியோடு கலந்து உள்ளே வந்தது. பாதி இறக்கிய ஷட்டர் ஒருதரம் மெல்ல அதிர்ந்தது. குனிந்து நுழைகிற ஆளின் முதுகு இடித்தால் அப்படித்தான் அதிரும். ஆனால் வாசலில் யாரும் இல்லை.

அவள் பாய்ந்துபோய் சுவரோடு இருந்த இன்டர்நெட் வயரைப் பிடுங்கினாள். மோடத்தின் மூன்று பச்சை விளக்குகளும் அணைந்தன.

நாலாம் நம்பரில் கீபோர்ட் நிற்கவில்லை.

"பாப்பா, எந்திரிச்சு வா. சித்திகிட்ட வா."

"இருங்க சித்தி. அம்மா கெமரா போடுறாங்க. சரின்னு அமத்தவா?"

"வேணாம் பாப்பா."

மவுஸ் ஒருதரம் சொடுக்கியது.

தடுப்பைச் சுற்றி ஓடியவள் பிள்ளையின் முதுகுக்கு நாலு அடி இந்தப் பக்கம் அப்படியே நின்றுவிட்டாள். திரையில் படம் வந்திருந்தது. குவைத் வீடு இல்லை. பலகைத் தடுப்பு. ஒரு நாற்காலி. வெள்ளைச் சீருடையில், இரட்டைப் பின்னலோடு, ஒரு பிள்ளையின் முதுகு. பின்னால் நிற்கிற ஒருத்தியின் கண்ணால் எடுத்த படம். பாக்கியலெட்சுமிக்கும் பிள்ளைக்கும் நடுவில் இருந்தது வெறும் நாலு அடித் தரை. அந்தத் தரை நனைந்திருந்தது.

படம் நெருங்கியது.

திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை உள்ளே வந்தது. ஊறி வெளுத்த கை. விரல் தோல் சுருங்கி, நகக்கண் நீலமாக. மணிக்கட்டில் ஊதாக் கண்ணாடி வளையல், அக்கா குவைத்துக்குப் போகும்போது இவள் வாங்கிப் போட்டது. அந்தக் கை ஒரு ரிப்பனைப் பிடித்து இழுத்தது. கடையில், இவள் கண்ணெதிரே, ரிப்பன் தானாக அவிழ்ந்தது. பின்னலில் இருந்து தண்ணீர் சொட்டியது.

நனைந்த தரையில் காலை வைக்காமல் கையை மட்டும் பிள்ளையை நோக்கி நீட்டினாள்.

நிவேதிகா திரும்பினாள். இவளைப் பார்க்கவில்லை. இவளுக்கு முன்னால், கொஞ்சம் உயரத்தில் எதையோ பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. தூக்கச் சொல்லும் குழந்தையைப்போல இரண்டு கையையும் மேலே நீட்டினாள்.

பிள்ளையின் செருப்பு ஒன்று தரையில் விழுந்தது. பிறகு மற்றது.

நாற்காலி வெறுமையாகச் சுழன்றது. ஒரு சுற்று. அரைச் சுற்று. நின்றது.

வயர் பாக்கியலெட்சுமியின் கையிலேயே இருந்தது. திரையில் படம் மட்டும் அணையவில்லை. அதில் நிவேதிகாவின் முகம் இருந்தது, வெகு கிட்டத்தில். அவள் இப்போது சிரிக்கவில்லை. வாயிலிருந்து புகையாக மூச்சு வந்தது. அவளுக்குப் பின்னால் வரிசை வரிசையாக ஆள் நீளத்துக்கு இரும்பு இழுப்பறைகள், எல்லாவற்றிலும் வெள்ளையாகப் பனி உறைந்திருந்தது, ஒன்று மட்டும் திறந்திருந்தது.

படத்துக்குக் கீழே எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

குளிருது சித்தி.