கப்பல் தொட்டிக்குள் ஒரு கைக்கடிகாரம்

"என் வீட்டுக்காரர் கொலை பண்ணலை சார்," என்றாள் அந்தப் பெண். "அந்த நேரத்துல அவர் வீட்டுல என்னை அடிச்சிட்டு இருந்தாரு."

பிளாஷ் வாய்க்குக் கொண்டுபோன டம்ளரைத் திரும்ப மேஜையில் வைத்தான். பல வருடம் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்ததில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. வேலை போனதும் அக்கா வீட்டோடு வந்துவிட்டான். அக்காவின் கணவர் சர்வேயர். விபத்தில் சிக்கிய கப்பல்களை இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பார்வையிட்டவர். ஓய்வு பெற்ற பிறகு, போலீஸ் கைவிட்ட விவகாரங்களோடு ஆட்கள் அவரிடம் வரத் தொடங்கியிருந்தார்கள். அத்தான் போகும் இடமெல்லாம் பிளாஷும் போவான். கூப்பிட வேண்டிய அவசியமே இருந்ததில்லை.

வந்தவளின் இடது கண் பாதி மூடியிருந்தது. தாடையில் மோதிரம் கிழித்த கோடு காய்ந்து கறுத்திருந்தது. அவள் அதை மறைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை.

"செத்தது என் தம்பி. கப்பல் பட்டறையில தண்ணிக்கடியில வேலை பாக்கிறவன். என்னை அடிச்சதுக்காக போன வாரம் தெருவுல வெச்சு அவரைப் பொரட்டி எடுத்துட்டான். முந்தாநாள் காலையில அவர் பட்டறை வாசல்ல போய் நின்னு, உன் மண்டையை உடைக்கிறேன்டான்னு கத்தியிருக்காரு. மத்தியானம் தம்பி மண்டை உடைஞ்சு கிடக்கான். போலீஸுக்கு வேற என்ன வேணும்?"

"அவர் கத்திட்டு நேரா வீட்டுக்கு வந்தாரா?" என்று கேட்டார் சர்வேயர்.

"ஆமா. கதவைத் தாழ் போட்டாரு. ரேடியோவைச் சத்தமா வெச்சாரு. அவன் மேல இருந்த கோபத்தை எல்லாம் என் மேல தீர்த்துக்கிட்டாரு. சாயங்காலம் போலீஸ் வந்து தட்டுற வரைக்கும் வெளியே போகலை. சொன்னா, புருஷனைக் காப்பாத்தப் பொய் சொல்றியான்னு கேக்கிறாங்க."

"காப்பாத்த வேண்டாமா?"

அவள் அவரை நேராகப் பார்த்தாள். "அவர் உள்ளே இருக்கிற வரைக்கும் என் தம்பியைக் கொன்னவனை யாரும் தேட மாட்டாங்க சார். அதுக்காகத்தான் வந்தேன்."

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். அன்று காலை தம்பி ஒரு வாட்ச் வாங்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். சாவி கொடுக்க வேண்டாம், பேட்டரி வேண்டாம், கை அசைந்தாலே ஓடும். டிரிட்டியம் என்று ஒரு வாயுவைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து எண்களுக்குப் பதில் பதித்திருப்பார்களாம்; கும்மிருட்டில் தானாகவே எரியுமாம். மற்றவை எல்லாம் வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும். இந்த வகையின் விலையைக் கேட்டாலே மயக்கம் வரும் என்று கடை கடையாக ஏறி இறங்கியவன், கடைசியில் கைக்கு அடங்கிய விலையில் ஒன்றைப் பிடித்துவிட்டான்.

"எதுக்கு அப்படித் தேடினான்?"

"போன மாசம் அவன் கூட்டாளி கப்பலுக்கு அடியிலேயே மூச்சு முட்டிச் செத்துட்டான். மேலே இருக்கிறவங்க மணி பார்த்து நம்மளை இழுப்பாங்கன்னு இனிமே நம்ப மாட்டேன்க்கா, என் மணியை நானே பார்த்துக்கிறேன்னு சொன்னான்."

பட்டறையின் துறையில் அந்தச் சரக்குக் கப்பல் கட்டிக் கிடந்தது. கப்பல் ஆடாமல் நிற்க அதன் அடிவயிற்றில் தண்ணீர் நிரப்பும் தொட்டிகள் உண்டு. அவற்றில் ஒன்றை இறைத்துக் காலி செய்திருந்தார்கள். தம்பி வெளிப்புறம் தண்ணீருக்கடியில் ஒட்டிய தகடு உள்ளே கசிகிறதா என்று பார்க்கத்தான் அதற்குள் இறங்கியிருக்கிறான். ஆள் ஒருவர் நுழையும் அளவுக்கு மேலே ஒரு வட்ட வாய். அதிலிருந்து இரும்பு ஏணி. பிளாஷ் தலையை உள்ளே விட்டுப் பார்த்தான். நடுப்பகலிலும் மூன்றாவது படிக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. துருவின் வாடையோடு வேறொரு வாடையும் வந்தது. கேமராவோடு பல சாவுகளுக்குப் போனவன்தான். ஆனாலும் தலையை வெளியே எடுத்துக்கொண்டான்.

"எல்லாரும் சாப்பிடப் போனப்புறம்தான் அவன் இறங்குவான்," என்றார் கம்ப்ரஸர்காரர். கீழே இருப்பவர்களுக்குக் காற்று அனுப்பும் இயந்திரம் அவர் பொறுப்பு. ஆள் மலை மாதிரி. பேச்சு மட்டும் எண்ணெய் போடாத கதவு மாதிரி. "மெஷின் எல்லாம் நின்னாத்தான் கசியுற சத்தம் காதுல விழும்பான். இங்க எல்லாருக்கும் தெரியும் அது."

"நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

"கம்ப்ரஸர் பக்கத்துல படுத்திருந்தேன். சாட்சி யாரும் இல்லை. தூங்கிறவனுக்கு யாரு சாட்சி?"

"போன மாசம் செத்தவருக்குக் காத்து அனுப்பினது நீங்கதானே?"

அவர் முகம் இறுகியது. "என் காத்துல கோளாறு இல்லை. விசாரணையில இப்ப செத்த பையனும் அதைத்தான் சொல்லுவானோ, வேற ஏதாவது சொல்லுவானோ, தெரியாது. சொல்லப்போறேன்னு மட்டும் சொல்லிக்கிட்டிருந்தான். அந்தச் சாவுக்கு அடுத்த வாரம் விசாரணை."

"அந்தப் பையனோட புது வாட்ச்சைப் பார்த்தீங்களா?"

"காட்டினான். வெள்ளை வெள்ளையா கோடு. இருட்டுல எரியும்னான். மொட்டை வெயில்ல நின்னுக்கிட்டு இருட்டுல எரியும்னா நான் என்னத்தைக் காண? சரிடா மாப்பிள்ளை, நல்லா இருக்குன்னேன்."

இவர்தான் என்று பிளாஷ் மனதுக்குள் முடிவே கட்டிவிட்டான். அந்தக் கைகளுக்கு ஆயுதம்கூடத் தேவையில்லை.

மேஸ்திரி அப்படியே நேரெதிர். ஒல்லி உடம்பு, ஓயாத பேச்சு. தண்ணீருக்குள் இறங்குபவனின் இடுப்புக் கயிற்றை மேலே பிடித்துக்கொண்டு, நேரம் பார்த்து இழுத்துச் சைகை கொடுப்பது அவர் வேலை. பேச ஆரம்பிக்கும் முன்பே கண் கலங்கியது.

"என் புள்ளை மாதிரி சார் அவன். அன்னைக்குக் காலையில ஆபீஸ் வாசல்ல வெயில்ல நின்னு வாட்ச்சைத் தூக்கிக் காட்டினான். நான் போன்ல பேசிக்கிட்டிருந்தேன், தூரத்துல இருந்தே தலையை ஆட்டினேன். எண்ணெல்லாம் பச்சை, பன்னெண்டு மட்டும் ஆரஞ்சு. சின்னப்புள்ள பொம்மை வாங்கின மாதிரி ஒரு சிரிப்பு. அதுதான் நான் அவனைக் கடைசியா பார்த்தது."

"உடம்பை மேலே எடுத்தப்ப?"

"தார்ப்பாயில சுத்தித்தானே எடுத்தாங்க. நான் தள்ளி நின்னுட்டேன். ரத்தம் கண்டா எனக்கு ஆகாது."

சர்வேயர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பழைய பழக்கத்துக்காக நாற்காலி போட்டார். ஜன்னல் வழியே வெயில் விழுந்த மேஜையில், காகித உறையிலிருந்து வாட்ச்சை எடுத்து வைத்தார். கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. பட்டையில் ரத்தம் உறைந்திருந்தது. முள் நின்றிருந்தது. பிளாஷ் லேசாக ஆட்டியதும் வினாடி முள் ஓட ஆரம்பித்தது. எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் பால் நிறத்தில் மெல்லிய கோடுகள். எல்லாம் ஒரே மாதிரி.

"இடது முன்கை மூணு இடத்துல முறிஞ்சிருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "மணிக்கட்டு நொறுங்கிப் போச்சு. அப்புறம் மண்டையில அஞ்சாறு அடி. ஸ்பேனர் பக்கத்துலயே கிடந்தது. மூஞ்சி அடையாளம் தெரியலை. மச்சானுக்கு அவ்வளவு வெறி."

"தொட்டியில விளக்கு?"

"ஒயர்ல கட்டி உள்ளே தொங்க விட்டிருந்தாங்க. மேலே பிளக் கழண்டு கிடந்தது. யாராவது கால் தடுக்கியிருப்பாங்க. உடம்பைக் கண்டுபிடிச்சவங்க பெரிய லைட்டோடதான் இறங்கியிருக்காங்க."

"வலது கையில காயம் உண்டா?"

"கீறல்கூட இல்லை."

பிளாஷுக்குப் பொறுக்கவில்லை. "அடியைத் தடுக்க இடது கையைத் தூக்கியிருப்பான், அத்தான்."

"உயிர் பயத்துல தடுக்கிறவன் ரெண்டு கையையும்தான் தூக்குவான்," என்றார் சர்வேயர். "அப்ப ரெண்டு கையிலயும் அடி விழுந்திருக்கணும். கொன்னவன் இடது கையை மட்டும் தேடித் தேடி அடிச்சிருக்கான். ஏன்னு யோசி." பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "பட்டறைக்கு ஒரு தடவை வாங்க. வாட்ச்சையும் எடுத்துக்குங்க. அந்தப் பொண்ணையும் கூப்பிடணும்."

நீர்மூழ்கும் உடைகளைத் தொங்கவிடும் அறைக்கு ஜன்னல் கிடையாது. குழல்விளக்கின் கீழே ரப்பர் உடைகள் தலையில்லாத ஆட்கள் போல வரிசையாகத் தொங்கின. மேஸ்திரி, கம்ப்ரஸர்காரர், இன்ஸ்பெக்டர், ஒரு கான்ஸ்டபிள், கதவோரம் அந்தப் பெண். விளக்கு சுவிட்ச் அருகே பிளாஷ்.

"கொலைகாரன் முதல்ல பிளக்கைப் பிடுங்கினான்," என்று தொடங்கினார் சர்வேயர். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "வெளிச்சத்துல நேருக்கு நேர் நின்னா அந்தப் பையன்தான் ஜெயிப்பான்னு அவனுக்குத் தெரியும். வாசல்ல கத்திட்டுப் போன மச்சான் மேல பழி விழும்னும் தெரியும். இறங்கினப்ப கையில டார்ச் இல்லை. டார்ச் அடிச்சா தன் மூஞ்சி தெரிஞ்சிடும். அப்படின்னா இருட்டுல எதைப் பார்த்து அடிச்சான்? அங்க எரிஞ்சுக்கிட்டிருந்தது ஒண்ணே ஒண்ணுதான். அதனாலதான் முதல் அடியெல்லாம் இடது மணிக்கட்டைச் சுத்தி விழுந்திருக்கு. வலி தாங்காம அந்தப் பையன் கையைத் தலை மேல வெச்சிருக்கணும். வெளிச்சமும் தலைக்குப் போச்சு. அடியும் அங்கேயே போச்சு."

கதவோரம் நின்றவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

சர்வேயர் வாட்ச்சை விளக்குக்கு நேராகப் பிடித்தார். "மேஸ்திரி, பன்னெண்டுல என்ன நிறம் தெரியுது?"

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். ஒரு அடி பின்னுக்கு நகர்ந்தார்.

"நீங்க சொல்லுங்க," என்றார் கம்ப்ரஸர்காரரிடம்.

"வெள்ளைதான். எல்லாமே வெள்ளைதான். அன்னைக்கும் அப்படித்தான் இருந்தது."

"பிளாஷ், விளக்கை அணை."

அணைத்தான். கரிய இருட்டில் பச்சைக் கோடுகள் வட்டமாக மிதந்தன. உச்சியில் ஒன்று மட்டும் ஆரஞ்சு.

"வெயில்ல தூரத்துல இருந்து பார்த்ததா சொன்னீங்க. அப்புறம் பார்க்கவே இல்லைன்னும் சொன்னீங்க," என்றது சர்வேயரின் குரல். "இந்த ஆரஞ்சை இருட்டுல நின்னவன் மட்டும்தான் பார்த்திருக்க முடியும். போன மாசம் கயித்தைப் பிடிக்காம எங்க போயிருந்தீங்கன்னு அந்தப் பையன் விசாரணையில சொல்ல இருந்தான், இல்லையா?"

ஏதோ கனமான இரும்பு தரையில் உரசிய சத்தம் கேட்டது. பிளாஷின் கை சுவிட்சைத் தொடும் முன் தோளில் இடி இறங்கியது. எலும்பு முறிவது உள்ளேயிருந்து கேட்டது. விழுந்தவன் மேல் ஒருவன் ஏறி மிதித்துக்கொண்டு கதவை நோக்கிப் போனான். இன்னொரு அடி தாடையில் பட்டு, வாயெல்லாம் ரத்தமும் உடைந்த பல்லுமாக நிறைந்தது. எட்டிய காலை இரண்டு கைகளாலும் பிடிக்கப் போனான். ஒரு கை சொன்னபடி கேட்கவில்லை. மற்றது விடவில்லை.

வெளிச்சம் வந்தபோது கம்ப்ரஸர்காரர் மேஸ்திரியின் கழுத்தைச் சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தார். மேஸ்திரியின் கால்கள் தரையைத் தொடவில்லை. கீழே நங்கூரச் சங்கிலியின் ஒரு வளையம் கிடந்தது.

"ஒரு மாசமா என் காத்துதான் கெட்டுப்போச்சுன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்," என்றார் அவர் மூச்சு வாங்க. கான்ஸ்டபிளும் இன்ஸ்பெக்டரும் சேர்ந்து பிரிக்க வேண்டியிருந்தது.

மேஸ்திரி தரையில் சரிந்து இருமினார். "நான் பத்து நிமிஷம்தான் போனேன் சார். ஒரு கிளாஸ் குடிச்சிட்டு வர்றதுக்குள்ள அவன் செத்துட்டான். அதைச் சொல்லாதடான்னு அந்தப் பையன்கிட்ட எவ்வளவோ கெஞ்சினேன். கேக்கலை."

அந்தப் பெண் நாலடி முன்னே வந்தாள். மேஸ்திரியை அடிக்கப் போகிறாள் என்று பிளாஷ் நினைத்தான். அவள் குனிந்து பிளாஷின் வாயில் ஒழுகிய ரத்தத்தைத் தன் தலைப்பால் துடைத்தாள்.

ஆஸ்பத்திரியில் தோளுக்குக் கட்டுப் போட்டு முடித்ததும், பிளாஷ் வீட்டுக்குப் போக மறுத்து அத்தானோடு ஸ்டேஷனுக்கே திரும்பினான். பேச முடியவில்லை, அத்தானுக்கு அது ஒரு நிம்மதி என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"உங்க வீட்டுக்காரரை இன்னைக்கே விட்டுடறோம்மா," என்றார் இன்ஸ்பெக்டர் அந்தப் பெண்ணிடம். "நீங்க சொன்னதை அன்னைக்கே நம்பியிருக்கணும். தப்பு எங்க மேலதான்."

"இப்ப நம்பறீங்களா?"

"நம்பறேன்."

"அப்ப எழுதிக்குங்க. முந்தாநாள் மத்தியானம் கதவைத் தாழ் போட்டுட்டு அவர் என்னை அடிச்சாரு. இடுப்பு பெல்ட்டால, அப்புறம் கையால. கண்ணு இன்னும் சரியாத் தெரியலை. அதுக்கு முன்னாடி அடிச்சதையும் சொல்றேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறக்காமல் சர்வேயரைப் பார்த்தார். சர்வேயர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். உதவி எதுவும் அங்கிருந்து வரவில்லை. பேனா திறந்தது.

அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். உள்ளே கம்பிகளுக்குப் பின்னால் ஒருவன் அவள் பெயரைச் சொல்லி முதலில் அதட்டினான், பிறகு கெஞ்சினான். அவள் குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. முடிந்ததும் கையெழுத்துப் போட்டாள்.

"என் தம்பியை எப்ப தருவீங்க?"

"இப்பவே வாங்கிக்கலாம். கூட ஆண் துணை யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லை. நானே வர்றேன்," என்று சொல்லி அவள் எழுந்தாள். சர்வேயரும் செருப்பை மாட்டிக்கொண்டார். பிளாஷ் ஒற்றைக் கையால் அவர்களுக்காகக் கதவைத் திறந்து பிடித்தான்.