கூட்டல் குறியை அழித்தவர்

சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண்ணுக்குக் குரல் உடைந்துவிட்டது. பயன்பாட்டுக் கணிதத் துறையில் விரிவுரையாளர் வேலைக்காக ஆய்வுரை நிகழ்த்த வந்தவள். மழைநீர்க் கால்வாயில் வெள்ளம் எப்படிப் பாயும் என்ற கணக்கு. பாதி எழுதிவிட்டுத் தேநீருக்குப் போய்த் திரும்பினால், கரும்பலகையில் அவள் போட்ட கூட்டல் குறி ஒன்று கழித்தலாகியிருந்தது.

"நான் கவனிக்கல மேடம். இதே வேலைக்கு மனு போட்டிருக்கிற தற்காலிக ஆசிரியர்தான், 'இதிலேருந்து அடுத்த வரி எப்படி வரும்?'னு கேட்டார். நான் கூட்டல்தான் போட்டேன்னு சொன்னேன். 'நேரத்துக்கு ஒரு குறியா?'ன்னார் துறைத்தலைவர். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. சாயங்காலம் தேர்வுக்குழு கூடுது. என் வேலை போச்சு."

பக்கத்துத் துறையில் புள்ளியியல் நடத்தும் 'புள்ளி மேடம்' பதறவில்லை. அவருக்கும் சேர்த்துப் பதறினார் அவருடைய கூட்டாளி, அரங்கின் ப்ரொஜெக்டரைக் கவனிக்கும் தொந்திக்காரர்.

"தற்காலிகம்தான் மேடம்! ஆளு முழியே சரியில்ல!"

"இடைவேளையில அரங்குல யார் இருந்தா?"

"மூணே பேர். தற்காலிகம், தலைவர், இந்தப் பொண்ணோட வழிகாட்டி." இடைவேளைக்கு முன் தான் எடுத்த படத்தை ஃபோனில் காட்டினார். கூட்டலேதான்.

மேடம் அந்த வரியை ஒரு தாளில் போட்டுப் பார்த்தார். "இது நீயே கொண்டுவந்ததாம்மா?"

"இல்ல மேடம். என் வழிகாட்டி சாரோட பழைய கட்டுரையில இருக்கு. அப்படியே எடுத்துக்கிட்டேன்."

மேடம் மூவரையும் அரங்குக்கு வரவழைத்தார்.

"கூட்டல் போட்டா, கால்வாய் வளைவுல தண்ணி வேகம் எடுக்கும். நிஜத்துல அங்க வேகம் குறையும். அதனால கழித்தல்தான் சரி. அழிச்சவர் கெடுக்கல, திருத்தியிருக்கார்."

தொந்திக்காரருக்குச் சப்பென்று போய்விட்டது. "கெடுக்கறதா நினைச்சுக் குருட்டாம்போக்குல அழிச்சிருந்தா?"

"பலகை முழுக்கக் குறியா இருக்கு. சரியா அந்தத் தப்பான குறியிலயா கை விழும்? நான் புள்ளியியல்காரி, அவ்வளவு அதிர்ஷ்டத்தை நம்பமாட்டேன். அது தப்புன்னு தெரிஞ்சிருந்தா தலைவரும் தற்காலிக ஆசிரியரும் தொட்டே இருக்கமாட்டாங்க. கேள்வி நேரம் வரைக்கும் பொத்திவெச்சு, சபையில போட்டு உடைச்சிருப்பாங்க. கணக்கு வாத்தியார் எவர்தான் அந்தச் சந்தோஷத்தை விடுவார்? ஓசைப்படாம திருத்தினவருக்கு அந்தத் தப்பு தன்னோடதுன்னு தெரியும்."

வழிகாட்டி முன்வரிசை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"பலகையில பார்த்ததும் பகீர்னு ஆயிடுச்சு. விரல் தானா போயிடுச்சு. கீழ் வரியெல்லாம் இடிக்குமேன்னு தோணவே இல்ல. அவங்க சிரிச்சப்பவாவது எழுந்திருக்கணும். என் பேரு கெட்டுடுமேன்னு உட்கார்ந்துட்டேன். பாவி நான்."

"எல்லாரும் சிரிச்சப்போ நான் உங்க முகத்தைத்தான் பார்த்தேன் சார்" என்றாள் அந்தப் பெண்.

"தெரியும்மா. அதான் குனிஞ்சுக்கிட்டேன்." அவர் எழுந்தார். "குழுகிட்ட நானே போய்ச் சொல்லிடறேன்."

"குழு மட்டும் போதாது சார். சிரிச்சவங்க எல்லாரும் கேட்கணும்" என்றாள் அவள்.

முதலில் சிரித்தது யார் என்று துறைத்தலைவருக்கு யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. குழு காத்திருக்கட்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே, அறை அறையாகப் போய் எல்லோரையும் தானே கூட்டிவந்தார்.

அரங்கு நிறைந்தது. வழிகாட்டி பலகை முன் நின்று, "இந்தப் பிழை என்னுடையது, அழித்ததும் நான்தான்" என்றார். கீழ் வரிகளைத் திருத்தச் சுண்ணக்கட்டியைத் தேடினார்.

அவள் எழுந்து போய்ச் சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டாள்.

"நீங்க உட்காருங்க சார். மிச்சத்தை நான் சொல்றேன்."